குதிகால் திறந்த காலணி: விரல் கவ்வினால் வேண்டாம்

வாசலில் குனியாமல் கழற்றலாம், குனியாமல் மாட்டலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகும் வீடுகளில், பின்பக்கம் திறந்த காலணிக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை. முன்புறம் ஷூ மாதிரி மூடியிருப்பதால் அலுவலகத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் குதிகாலைப் பிடிக்க எதுவுமில்லாத காலணி எப்படிக் காலோடு வருகிறது? வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மோசமான ஜோடியில் அந்த வேலை விரல்களின் தலையில் விழுகிறது. அடிக்கு அடி அவை மடங்கி உள்தளத்தைக் கவ்வுகின்றன. கடைக்குள் நாலு எட்டு வைக்கும்போது தெரியாது; பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் பாதம் சொல்லிவிடும். 2015இல் ‘குச்சி’ (Gucci) நிறுவனத்தின் ‘பிரின்ஸ்டவுன்’ வந்த பிறகு லோஃபர் வடிவ ‘மியூல்’கள், அதாவது பின்பக்கம் திறந்த காலணிகள், கடைகளில் குவிந்தன. பார்க்க மிக அழகு. ஆனால் மலிவான நகல்கள் பலவற்றில் உள்தளம் பலகைபோலத் தட்டை. கால் முன்னும் பின்னும் வழுக்கும்.

பிர்க்கன்ஸ்டாக்கின் ‘பாஸ்டன்’ இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. 1774 முதல் காலணித் தொழிலில் பெயர் பதிந்த ஜெர்மானியக் குடும்பத்தின் பெயர் தாங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு இது. தக்கையும் ரப்பர் பாலும் கலந்த உள்தளத்தில் குதிகாலுக்கு ஆழமான குழி, பாதவளைவுக்கு மேடு, விரல்களுக்கு அடியில் சிறு வரப்பு. புறங்காலின் மேலே பக்கிள் வைத்த வார். குழியும் வாரும் பிடித்துக்கொள்வதால் விரல்களுக்கு ஓய்வு. முதல் சில நாள் விறைப்பாகவே இருக்கும். தினம் ஓரிரு மணி நேரம் போட்டுப் பழக்கினால், தக்கை காலின் அச்சை வாங்கிக்கொள்ளும். அகலப் பாதம், ஒடுங்கிய பாதம் என இரு அளவுகள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விலை அதிகம். ஸ்வேட் தோலுக்கு மழை ஆகாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் தக்கை உலர்ந்து கெடும்.

மழைக்காலத்துக்கு க்ராக்ஸ்தான். நுரைப்பொருளால் வார்த்தது, எடை தெரியாது, கழுவினால் போதும். இதன் பின்வாரை முன்னால் தள்ளினால் திறந்த காலணி, பின்னால் இழுத்தால் ஓரளவு பிடிப்புள்ள செருப்பு. படியிறங்கும்போது அந்த வார் பின்னால் இருப்பதே நல்லது. மென்மையான அடிப்பாகம் எஸ்கலேட்டரின் ஓரத்தில் சிக்கக்கூடும் என்பதால் பிள்ளைகளை நடுவில் நிற்கவைக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் மாலையில் போய்ப் பார்ப்பது நல்லது. பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். குதிகால் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, விரல் நுனி முன்பக்கம் இடிக்கவும் கூடாது. கடையில் படி இருந்தால் ஏறி இறங்கிப் பார்க்கலாம். விரல்கள் கவ்வுகின்றனவா? எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடலாம்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த வகையே வேண்டாம். செருப்பு கழன்றது தெரியாமலே நடந்து காயம் பட்டுவிடும். பின்வார் வைத்த எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பே அவர்களுக்குப் பாதுகாப்பு.

மற்றவர்களில் அதிகம் நடப்பவருக்கும் அலுவலகம் போகிறவருக்கும் ‘பாஸ்டன்’. மழைக்கும் சந்தைக்கும் க்ராக்ஸ். தட்டை மியூல், கல்யாண வரவேற்புக்கு மட்டும்.