அச்சமே வேலி

மாலை சஃபாரி என்பது தனியார் காட்டுக் காப்பகங்கள் தங்கள் விருந்தினருக்குத் தரும் மூன்று மணி நேர வண்டிப் பயணம். மூன்றரை மணிக்கு விடுதியில் தேநீர். நான்கு மணிக்கு மேற்கூரை இல்லாத ஜீப்பில் ஏழெட்டுப் பேர் ஏறுவார்கள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் காப்பகம் இந்த முறைக்கு முன்மாதிரி. அங்கே வண்டியின் முன்மூக்கில் பொருத்திய தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்து, மண்ணில் பதிந்த காலடிகளைப் படித்துக்கொண்டே வருவார். ஓட்டுநரே வழிகாட்டி. சிறுத்தை தென்பட்டால் வயர்லெஸ்ஸில் செய்தி போகும். மற்ற வண்டிகள் முறைவைத்து வந்து பார்த்துவிட்டு விலகும். பொழுது சாயும்போது வெட்டவெளியில் நிறுத்தி ஆளுக்கொரு பானம் கொடுப்பார்கள். இருட்டிய பிறகு விளக்கை வீசி மிருகங்களின் கண்ணொளியைத் தேடியபடி விடுதிக்குத் திரும்புவார்கள்.

இந்தியாவிலும் இந்த முறை வேகமாகப் பரவுகிறது. ராஜஸ்தானின் ஜவாய் அணைப் பகுதியில், கருங்கல் குன்றுகளில் வாழும் சிறுத்தைகளைக் காட்டத் தனியார் விடுதிகள் மாலையில் ஜீப் விடுகின்றன. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். காட்டைப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் பணமே காட்டைக் காக்கும். உயிரோடு இருக்கும் விலங்குக்கு விலை கிடைத்தால் அதைக் கொல்ல யாரும் துணியமாட்டார்கள் என்பது அந்த வாதம். 2021 பிப்ரவரியில் நாட்டின் 51வது புலிகள் காப்பகமாக ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை அறிவிக்கப்பட்டது. அதன் கிழக்கு எல்லையான ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் வைத்து உரசிப் பார்த்தால் இந்த வாதம் தேறவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சாபி சாண்டில் மேய்ச்சலும் வேட்டையும் நடந்த நிலம் சஃபாரி வருமானத்தால் காடாகவே நிலைத்தது. தடம் பார்க்கும் கலை, தலைமுறை கடந்து வந்த அறிவு, அங்கே கௌரவமான தொழிலாயிற்று. தினமும் வண்டி போய்வரும் இடத்தில் கள்ள வேட்டைக்காரர் கால்வைக்கத் தயங்குவார். மலையேற முடியாத முதியவரும் கால் ஊனமுற்றவரும் காட்டைப் பார்க்க வண்டியை விட்டால் வேறு வழியில்லை. இந்த நன்மைகள் உண்மையானவை. ஆனால் இவை விளைந்த மண் வேறு.

முதல் வேறுபாடு உடைமை. தென்னாப்பிரிக்காவில் முறையாக வேலியடைத்த நிலத்தில் இருக்கும் விலங்கு நிலக்காரருக்குச் சொந்தமாகலாம். 1991ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. இந்தியாவில் காட்டு விலங்கின் மேல் தனியாருக்கு உரிமை கிடையாது. பட்டா நிலத்தில் இறந்து கிடக்கும் யானையின் தந்தமும் அரசுக்கே போகும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்கா, சரணாலயம், சமுதாயக் காப்பகம் என்றெல்லாம் வகை பிரித்தாலும், தனியார் காப்பகம் என்ற வகை அதில் இல்லை. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக்கூடாது என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012இல் விதித்தது. ஆகவே சஃபாரி நடத்த விரும்புகிறவரின் கண் வெளிவட்டத்தின் மேலும், அதை ஒட்டிய தோப்புகளின் மேலும்தான் விழும். ராஜபாளையம் பக்கத்தில் அப்படிப்பட்ட நிலம் என்றால் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். அங்கே ஒருவர் சொந்தம் கொண்டாடக்கூடியது நிலம் மட்டுமே; அவர் விற்பதோ தமக்குச் சொந்தமில்லாத விலங்கின் காட்சி.

இரண்டாவது வேறுபாடு பொழுது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் மாலை வெளிச்சம் தரையோடு படர்ந்து நெடுநேரம் நிற்கும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலை சுவராக எழுகிறது. ஐந்து மணி வாக்கிலேயே வெயில் முகட்டுக்கு அப்பால் போய்விட, ஓடைப் பள்ளங்களில் நிழல் கட்டிவிடும். கோடை மழை இறங்குவதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். மேலே பெய்தது கீழே தெரியாமலே ஓடை பெருகும். 2015 மே மாதம் இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியின் ஓடையில் திடீரென வந்த வெள்ளம் மலைக்குப் போன பக்தர்களின் உயிரைப் பறித்தது.

மூன்றாவது வேறுபாடு காட்டின் அமைப்பு. 1988இல் இங்கே சரணாலயம் அமைந்தது சாம்பல் நிற அணிலுக்காக. வாலோடு ஏறத்தாழ இரண்டரை அடி நீளமுள்ள அந்த அணில் மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிறது. தரைக்கு இறங்க அஞ்சும். செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் புளியும் மாவும் மருதும் கிளை கோத்து நிற்கும் இடங்களில் அண்ணாந்து பார்த்தால், உயரக் கவட்டில் இலையும் குச்சியும் சேர்த்துத் திணித்த பந்து போன்ற கூடு தெரியும். பக்கத்து மரங்களின் கிளைகள் கூட்டைத் தொடும்படி இருப்பதைப் பார்த்துத்தான் அணில் இடம் தேர்கிறது. ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் தாவிவிடலாம். ஜீப் போகப் பாதையை அகலப்படுத்தி, விலங்கு தெரிவதற்காக இரு பக்கமும் புதரையும் தாழ்கிளைகளையும் கழித்தால், கோத்திருந்த கிளைகள் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு பாதையின் இந்தப் பக்கத்து அணிலுக்கு அந்தப் பக்கம் இல்லை. எந்த உயிருக்காகச் சரணாலயம் அமைந்ததோ அந்த உயிரின் வழியே அறுந்துபோகும்.

இந்த மூன்றும் திட்டமிடலில் சரிசெய்யக்கூடியவை என்று ஒருவர் சொல்லலாம். பாதையைத் தோப்புக்குள்ளேயே வைக்கலாம்; புறப்படும் நேரத்தை முன்னே தள்ளலாம்; உரிமம் வாங்கலாம். எந்தத் திட்டத்தாலும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. அது சஃபாரியின் அடிப்படையிலேயே இருக்கிறது.

சஃபாரியின் மூலதனம் மனிதரைக் கண்டு ஓடாத விலங்கு. பணம் கட்டி வந்தவருக்கு யானையின் முதுகு புதருக்குள் மறைவதை மட்டும் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தால் அந்தத் தொழில் ஒரு பருவம்கூடத் தாங்காது. விலங்கு வண்டியைக் கண்டும் நிற்க வேண்டும், மேய வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும். சாபி சாண்டின் சிறுத்தைகள் தலைமுறை தலைமுறையாக வண்டியைப் பார்த்தே வளர்ந்தவை. ஜீப்பின் நிழலில் படுத்துத் தூங்கும் அளவுக்குப் பழகியவை. இந்தப் பழக்கத்தைத்தான் விருந்தினர் காசு கொடுத்து வாங்குகிறார். அங்கே அது பெரிய கேடாக மாறாததற்குக் காரணம் உண்டு. க்ரூகர் பூங்காவுக்கும் சாபி சாண்டுக்கும் நடுவே இருந்த வேலி 1993இல் எடுக்கப்பட்டது. ஊர்கள் இருக்கும் மேற்குப் பக்கத்து வேலி எடுக்கப்படவில்லை. அச்சம் இழந்த விலங்குக்கும் ஊருக்கும் நடுவே அந்த வேலி நிற்கிறது.

ராஜபாளையத்தில் அப்படி ஒரு வேலி இல்லை. அய்யனார் கோயில் போகும் பாதையில் ஒரு பக்கம் காடு, மறு பக்கம் தோப்பு. சப்பட்டை மாங்காய் முற்றும் பருவத்தில், சஃபாரி வண்டி புறப்படும் அதே நான்கு மணிக்கு, வேலையாட்கள் தலைச்சுமையோடு ஊருக்குத் திரும்புவார்கள். காவல்காரர் மட்டும் தங்குவார். ஓலைக் குடிசை, ஒரு டார்ச், தட்டுவதற்கு ஒரு பழைய தகர டின், ஈரம் படாமல் பாலித்தீன் பையில் சுற்றிய வெடி: இரவுக்கு அவருடைய ஆயுதம் இவ்வளவுதான். இருட்டிய பிறகு ஓடைப் பக்கம் கிளை முறியும். டின்னைத் தட்டினால் சத்தம் நின்றுவிடும். யானை அங்கேயே நின்று மோப்பம் பிடிக்கிறது என்று அர்த்தம். வெடி ஒன்று வெடிக்கும். சில நிமிடம் கழித்து முறியும் சத்தம் மேட்டுப் பக்கம் கேட்டால் யானை திரும்பிவிட்டது. கேட்காவிட்டால் அது தென்னையைத் தேடி உள்ளே வருகிறது. ஒரு தென்னங்கன்றின் குருத்தைப் பிடுங்கினால் அந்த மரத்தின் கதை அதோடு முடிந்தது. யானை இன்னும் கிட்ட வந்தால் முடிவது மரத்தின் கதையோடு நிற்காது.

அந்த இரவில் காவல்காரரின் உயிரையும் யானையின் உயிரையும் சேர்த்துக் காப்பது ஒன்றே: மனித வாடைக்கும் சத்தத்துக்கும் யானை இன்னும் அஞ்சுகிறது என்பது. மலையடிவாரத்தில் உள்ள ஒரே வேலி அந்த அச்சம்தான். சஃபாரி மாலைதோறும் அந்த வேலியின் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. மனிதரின் வாடையும் பேச்சும் வண்டிச் சத்தமும் தீங்கு செய்யாதவை என்று நான்கு மணிக்கு ஜீப் யானைக்குக் கற்றுக்கொடுக்கும். எட்டு மணிக்கு ஓலைக் குடிசையில் இருப்பவர் டின்னைத் தட்டும்போது அந்தப் பாடம் அவர் முன்னால் வந்து நிற்கும். சஃபாரியின் வருமானம் விடுதிக்கு. அதன் கடன் காவல்காரருக்கு.

அச்சம் இழந்த யானை எவ்வளவு தூரம் பயணப்படும் என்பதை இந்தக் காப்பகமே பார்த்திருக்கிறது. கேரளத்தின் சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மலை தாண்டி மேகமலைக்கு வந்தது. மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அந்த ஓட்டத்தில் அடிபட்ட ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அரிக்கொம்பனைப் பழக்கியது சஃபாரி வண்டியல்ல, அரிசி. ஆனாலும் பாடம் மாறவில்லை. ஒரு மலையில் தொலைந்த அச்சம் மறு மலையின் அடிவாரத்து ஊர்க்காரர் மேல் வந்து விழுகிறது.

சுற்றுலா நேரடியாகச் செய்ததைப் பார்க்க நீலகிரிக்குப் போனால் போதும். முதுமலையை ஒட்டிய மசினகுடி, வாழைத்தோட்டம் பகுதியில் தனியார் விடுதிகள் பெருகின. ரிவால்டோ என்ற யானை மனிதர் கொடுத்த பழங்களுக்குப் பழகி, குடியிருப்புகளை விட்டு நகராமல் நின்றது. 2021 மே மாதம் அதைக் கூண்டில் அடைத்து, ஆகஸ்டில் கழுத்துப்பட்டை மாட்டிக் காட்டில் விட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த வேறொரு யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள். காது வெந்து ரத்தம் ஒழுக அலைந்த அந்த யானை சில நாட்களில் இறந்தது. யானை கிட்ட வருவதை விருந்தினருக்கு விற்ற அதே வட்டாரத்தில்தான், கிட்ட வந்த யானைக்குத் தீ கிடைத்தது. சேகூர் யானை வழித்தடத்திலுள்ள விடுதிகளை அகற்றும் உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டிவந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இதற்குச் சொல்லப்படும் பதில்கள் மூன்று. வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பது முதல் பதில். விலங்கைப் பழக்குவது எண்ணிக்கை அல்ல, ஒழுங்கு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே சத்தத்தோடு தீங்கில்லாமல் வந்துபோகும் ஒரு வண்டி போதும். பயிற்சி பெற்ற வழிகாட்டி தூரம் காப்பார் என்பது இரண்டாவது. இலங்கையின் யாலவில் ஒரு சிறுத்தை தெரிந்தால் ஜீப்புகள் மொய்த்து ஒன்றையொன்று நெருக்குவது ஊரறிந்த காட்சி. அங்கும் வழிகாட்டிகள் உண்டு, விதிகள் உண்டு. விருந்தினரின் முகம் வாடும்போது விதி வளைகிறது. அந்த முகத்தின் மலர்ச்சியில்தான் வழிகாட்டியின் பிழைப்பு இருக்கிறது. சேதத்துக்கு இழப்பீடு கொடுக்கலாம் என்பது மூன்றாவது. இழப்பீடு இறப்புக்குப் பின் வருவது. நடக்கப்போகும் சாவுக்குப் பணம் ஒதுக்கிவைத்துவிட்டு அதைக் காட்டின் பாதுகாப்பு என்று அழைக்கக்கூடாது.

காட்டைப் பார்க்கவே கூடாது என்பது இதன் முடிவாகாது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் செண்பகத்தோப்பு–புதுப்பட்டியும் ஒன்று. காலையில், சிறு குழுவாக, உள்ளூர் வழிகாட்டியோடு நடந்து போகும் முறை அது. நடந்து போகிறவரை யானை தூரத்திலேயே மோப்பம் பிடித்து விலகிவிடும். அவர் பார்ப்பது லத்தி, மரத்தில் முதுகு தேய்த்த சேறு, மிளாவின் குளம்படி, தலைக்கு மேலே அணில் கூடு. சஃபாரி ஜீப்பில் வந்தவரைவிட அவர் கண்ட விலங்கு குறைவு, காடு அதிகம். விலங்கின் அச்சமும் அப்படியே இருக்கிறது. தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் இதே தடங்களில் நடந்த பளியர் பழங்குடியினர் செண்பகத்தோப்பிலேயே வாழ்கிறார்கள். தடம் படிக்கும் அறிவுக்கு மதிப்பும் கூலியும் தருவதே நோக்கம் என்றால், அதற்கு ஜீப் தேவையில்லை.

தனியார் நிலத்துக்கும் வழி உண்டு. கர்நாடகத்தின் குடகில் 1991இல் தொடங்கிய சாய் சரணாலயம், விவசாயம் கைவிடப்பட்ட நிலங்களை வாங்கிச் சேர்த்து, சுமார் 300 ஏக்கரில் காடு தானே திரும்ப வளர இடம் கொடுத்தது. அங்கே வண்டி சஃபாரி கிடையாது. ராஜபாளையம் அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர் காட்டுக்கு நல்லது செய்ய விரும்பினால், ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விடுவதும், அணில் கடக்கக் கிளைகள் கோத்திருக்கவிடுவதும் போதுமானவை.

ஆகவே மலையடிவாரத்தில் ஒரு வனப் பயணத்தின் தரத்தை விருந்தினர் எத்தனை யானை பார்த்தார் என்பதை வைத்து அளக்கக்கூடாது. அன்றிரவு தோப்பில் தகர டின் சத்தம் கேட்டதும் யானை திரும்பி மேட்டுக்கு நடந்ததா என்பதே அளவுகோல். மாலை சஃபாரி அந்த அளவில் தேறாது.