சாட்சி இல்லாத சுயசரிதை

ஆசிரியர் கலாசாலை விடுதியில் நண்பர் ஒருவர் கொண்டுவந்த சீடியில்தான் ஸ்பீல்பேர்க்கின் 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' (2002) திரைப்படத்தைப் பார்த்தேன். அந்தக் கிறக்கத்தில், பிராங் அபாக்னேல் 1980 இல் ஸ்டான் ரெடிங்குடன் இணைந்து எழுதிய அதே பெயர்கொண்ட சுயசரிதையையும் தேடி வாசித்தேன். 16 வயதில் வீட்டை விட்டோடிய பையன் 21 வயதுக்குள் பான் ஆம் விமானியாக, வைத்தியராக, சட்டத்தரணியாக வேடமிட்டு, 26 நாடுகளில் 25 இலட்சம் டொலருக்குப் போலிக் காசோலை மாற்றிய கதை. வாசகர் வட்டத்தில் மெச்சிப் பேசினேன். பின்னர் வகுப்பிலும் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், அது ஆர்ர காசு?"

"வங்கிர காசுடா" என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று அந்நூலை மீண்டும் எடுத்துப் பார்க்கிறேன். 2020 இல் ஆலன் லோகன் என்பவர் பதிவேடுகளைத் தோண்டி எழுதிய நூல் வந்தபின் அதை முன்போல வாசிக்க முடியவில்லை. 1965 ஜூலை முதல் 1968 டிசம்பர் வரை, அதாவது விமானியாகப் பறந்ததாகச் சொல்லும் காலத்தின் பெரும்பகுதியில், அபாக்னேல் நியூயோர்க் மாநிலத்துச் சிறையொன்றில் இருந்திருக்கிறார். பான் ஆம் காசோலை மோசடிக்காக அவர் தண்டிக்கப்பட்டது 1,500 டொலருக்கும் குறைந்த தொகைக்கு. இன்னும் வியப்பு, ஸ்டீபன் ஹோல் என்ற பத்திரிகையாளர் இவரது கூற்றுக்களை விசாரித்துப் பொய்யென 1978 இலேயே சன்பிரான்சிஸ்கோ குரொனிக்கிளில் எழுதிவிட்டார். நூல் வந்ததோ அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு! பதிப்பாளரும் ஹொலிவூட்டும் அதைத் தேடவில்லை. நானும்தான். படம் வந்த காலத்தில், இணையாசிரியர் மிகைப்படுத்திவிட்டார் என்று அபாக்னேல் பழியை அடுத்தவர் தலையில் போட்டார்.

பொய் சொன்னார் என்பதல்ல என் முறைப்பாடு. இலக்கியத்தில் எத்தர்களுக்கு எப்போதும் இடமுண்டு. அரபு மத்ரஸாவில் ஓதியோர் பலருக்கு 1122 இல் மறைந்த பஸ்றாவின் ஹரீரியைத் தெரிந்திருக்கும். அவரது 50 மகாமாக்களிலும் ஊரூராய் ஏமாற்றித் திரிபவன் அபூ ஸைத் அஸ்ஸரூஜி. முதலாவதில், ஸன்ஆவில் உபதேசம் செய்து சனங்களை அழவைத்துக் காசு சேர்க்கிறான். ஹாரித் இப்னு ஹம்மாம் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், குகைக்குள் பொரித்த ஆட்டிறைச்சியும் மதுவுமாக உட்கார்ந்திருக்கிறான்! அவனது நாவன்மையில் நாமும் சொக்குகிறோம். ஆனால் கதையைச் சொல்பவன் அபூ ஸைத் அல்ல, ஹாரித். குகை வரை நடந்துபோகும் ஒரு சாட்சியை ஹரீரி நமக்குத் தருகிறார்.

அபாக்னேலின் நூலில் அந்தக் குகைக்குப் போக ஆளில்லை. ஏமாற்றியவனும் கதைசொல்லியும் ஒருவனே. படத்தில் டொம் ஹாங்ஸ் துரத்துகிறார் என்பது மெய். ஆனால் அவரும் திருடன் சொன்ன கதைக்குள்ளேதான் ஓடுகிறார்.

அப்படி ஒருவர் போயிருந்தால் 1969 இல் லூசியானாவின் பட்டன் ரூஜில் ஒரு வீட்டைக் கண்டிருப்பார். விமானப் பணிப்பெண்ணொருத்தியின் குடும்பம், விமானி என்று நம்பிச் சோறு போட்டு வீட்டில் தங்கவைத்தது. அவர்களது காசோலைகளையே திருடி மாற்றிவிட்டார் மனிதர். தனியாட்களை ஏமாற்றியதே இல்லை என்று மேடைகளில் சொல்லிவந்தவரும் இவர்தான். நூல் முழுக்க வங்கிகளும் கம்பனிகளும் முட்டாளாகின்றன, நாம் சிரிக்கிறோம். அந்த வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்துவிட்டு அப்படிச் சிரிக்க நம்மால் முடிந்திருக்குமா?

கடைசி வாங்குக்காரன் இப்போது சந்தியில் சில்லறைக் கடை வைத்திருக்கிறான். சென்ற மாதம் சாமான் வாங்கப் போனபோது அவனிடம் சொன்னேன், "தம்பி, அண்டைக்கி நான் சொன்னது பிழை. அது ஒரு வீட்டுக்காரர்ர காசு." எந்தக் கதை என்று அவனுக்கு நினைவில்லை. சீனியை நிறுத்துக்கொண்டே, "ஆர்ர வீடு சேர்?" என்றான்.