சிவப்பைத் தேடும் அளவுகோல்: குழந்தைகளின் எக்ஸிமாவும் 1980-ன் பட்டியலும்

தோல் மருத்துவத்தில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று வெறும் நான்கு பக்கம். 1980-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜான் ஹனிஃபினும் நார்வேயின் ஆஸ்லோவில் இருந்த கெயோர்க் ராய்காவும் எழுதியது. 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்ற நோயை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு ஒரு பட்டியல், அவ்வளவுதான். நாம் எக்ஸிமா என்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்பார்கள் (அந்தச் சொல்லுக்குள் வேறு சில தோல் நோய்களும் அடங்கும், அது தனிக் கதை). பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும் நோய் என்பதால், இந்தப் பட்டியலின் நிறைகுறைகள் முதலில் போய்ச் சேர்வது குழந்தைகளிடம்தான்.

நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் "இது இருந்தால், அதில் மூன்று இருந்தால், முடிவு இது" என்று எழுதப்பட்ட ஒரு ஆவணத்தை வரிவரியாகப் படித்து எங்கே உடையும் என்று பார்ப்பது என் அன்றாட வேலை. அந்தக் கண்ணோடுதான் இதைப் படித்தேன். மருந்து யோசனைக்காக யாரும் இதைப் படிக்க வேண்டாம், அதுக்கு டாக்டர் இருக்கார்.

பட்டியல் என்ன சொல்கிறது

முக்கிய அறிகுறிகள் நான்கு. ஒன்று, அரிப்பு. இரண்டு, நோயின் உருவமும் இடமும்: கைக்குழந்தைகளுக்கு முகத்திலும் கைகால்களின் வெளிப்புறத்திலும், வளர்ந்தவர்களுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும். மூன்று, நாள்பட்டு, போய்ப் போய்த் திரும்ப வருவது. நான்கு, குழந்தைக்கோ குடும்பத்திலோ ஆஸ்துமா, ஒவ்வாமை மூக்கொழுகல், எக்ஸிமா இருப்பது. இந்த நான்கில் மூன்று வேண்டும். கூடவே 23 சிறு அறிகுறிகளில் மூன்று வேண்டும்.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. 1980-க்கு முன் ஒரு ஊரில் எக்ஸிமா என்றது இன்னொரு ஊரில் வேறொன்றாக இருந்தது. ஆளுக்கொரு அர்த்தத்தில் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் எந்த ஆய்வையும் எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. அந்தக் குழப்பத்துக்கு இந்த நான்கு பக்கம் ஒரு எல்லை போட்டது. அதைவிட முக்கியம், அரிப்பை முதல் வரியில் வைத்தது. கண்ணுக்குத் தெரிவதைவிட குழந்தை அனுபவிப்பதை முன்னால் வைத்த முடிவு அது.

23-ல் எத்தனை நமக்குப் பொருந்தும்?

சிக்கல் சிறு அறிகுறிகளில் தொடங்குகிறது. சிலவற்றைப் பாருங்கள்.

கம்பளி உடை ஒத்துக்கொள்ளாமை. ஆஸ்லோவில் நல்ல கேள்வி. திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ கம்பளியே போடாத குழந்தையிடம் இதை என்னவென்று கேட்பது?

வியர்த்தால் அரிப்பது. இதுவும் பட்டியலில் உண்டு. மே மாதத்துச் சென்னையில் வேர்க்குரு உள்ள எந்தக் குழந்தையும் இதற்கு 'ஆமாம்' சொல்லும்.

கண்ணைச் சுற்றிக் கருமை. நம் ஊரில் எந்த நோயும் இல்லாமல் குடும்பம் குடும்பமாகவே இருக்கும் விஷயம்.

முகம் வெளிறுதல் அல்லது சிவத்தல். இரண்டு எதிர்த் திசைகளும் ஒரே வரியில். மாநிறத் தோலில் இரண்டையும் பிடிப்பது கடினம்.

கருவிழி கூம்பு வடிவமாதல், கண்புரை. இவை வருவதென்றால் பல வருடங்கள் ஆகும். ஆறு மாதக் குழந்தையைப் பரிசோதிக்கும்போது இவற்றால் பயன் இல்லை.

முகத்தில் வெளிறிய தேமல். இது உண்மையிலேயே நம் குழந்தைகளிடம் நன்றாகத் தெரியும் அறிகுறி, தோல் கருமையாக இருப்பதால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் நம் வீடுகளில் அதற்கு வேறு விளக்கம் தயாராக இருக்கும்: "வயித்துல பூச்சி இருக்கு." பூச்சி மருந்து கொடுத்து முடித்துவிடுவார்கள், வறண்ட தோலை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதைவிட எனக்கு அதிகம் உறுத்தியது தர்க்கப் பிழை. 'சிறு வயதிலேயே தொடங்குவது' என்பது 23-ல் ஒன்று. பரிசோதனைக்கு வந்திருப்பதே ஒரு வயதுக் குழந்தை என்றால் இந்த வரி எப்போதும் உண்மை! எந்தத் தோல் நோயோடு வந்தாலும் உண்மை. ஆக, மூன்று தேவை என்ற நிபந்தனை குழந்தைக்கு நடைமுறையில் இரண்டாகக் குறைந்துவிடுகிறது. எதையும் சோதிக்காத ஒரு சோதனை வரி. நிரலில் இப்படி ஒன்று இருந்தால் ரிவ்யூவில் அடித்துவிடுவோம்.

இதைக் கண்டுபிடிக்க என்னைப் போல ஆள் தேவைப்படவில்லை. 1994-ல் ஹைவெல் வில்லியம்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று இந்தப் பட்டியலை எடுத்து, நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவரிடமும் சோதித்து, எந்த வரி உண்மையில் பிரித்துக்காட்டுகிறது என்று கணக்குப் போட்டுச் சலித்தது. மிஞ்சியது ஆறே வரி. கடந்த ஒரு வருடத்தில் அரிப்பு இருந்திருக்க வேண்டும். கூடவே மடிப்புகளில் வந்த வரலாறு, ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை வரலாறு, வறண்ட தோல், இப்போது மடிப்புகளில் தெரியும் எக்ஸிமா, இரண்டு வயதுக்குள் தொடங்கியது என்ற ஐந்தில் மூன்று. கடைசி வரியைப் பற்றி ஒரு குறிப்பும் உண்டு: நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. நான் மேலே சொன்ன ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கம்பளியும் போய்விட்டது. 23-ஐ ஐந்தாகக் குறைத்தது சுருக்கம் மட்டுமல்ல, நல்ல விமர்சனமும்கூட.

ஒரு சென்சார் வேலை செய்யவில்லை

நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு கடுமை என்பது அடுத்த கேள்வி. பிழை நிஜமாக வலிப்பது இரண்டாவதில்.

ஆய்வுகளில் இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோலின் பெயர் 'ஈஸி'. உடலைத் தலை, கைகள், நடுவுடல், கால்கள் என நான்கு பகுதியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம், தோல் தடித்து வரிவிழுதல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பரப்பளவுக்கு 0 முதல் 6. பெருக்கி, பகுதிக்கேற்ற எடை கொடுத்துக் கூட்டினால் அதிகபட்சம் 72. 21 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது.

நான்கு உள்ளீடுகளில் ஒன்று சிவப்பு. மாநிற, கருமைத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. சாம்பலாக, ஊதாவாக, அடர் பழுப்பாகத் தெரியும். சில சமயம் கண்ணுக்குப் படவே படாது, தொட்டால் சூடும் சொரசொரப்பும்தான் தெரியும். ஆக, நான்கில் ஒரு சென்சார் சத்தமில்லாமல் குறைத்துக் காட்டுகிறது. பிழைச் செய்தி வந்தால்கூட சமாளிக்கலாம். தவறான எண்ணைச் சரியான எண் போலக் கொடுக்கிற சென்சார்தான் ஆபத்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு எல்லாப் பகுதியிலும் நான்கு அறிகுறிகளும் 2, பரப்பு மதிப்பெண் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பெருக்கல் 3, மொத்தம் 24. கடுமையான எக்ஸிமா. அதே குழந்தையின் சிவப்பை 2-க்குப் பதில் 1 என்று குறித்தால் 21. மிதமானது ஆகிவிட்டது. சிவப்பே தெரியவில்லை என்று 0 போட்டால் 18. குழந்தை அதே குழந்தை, ராத்திரி தூங்காதது அதே தூக்கமின்மை. 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு டுபிலுமாப் ஊசியைச் சோதித்த முக்கிய ஆய்வில் சேர ஈஸி 21-ஆவது இருக்க வேண்டும் என்பது விதி. 18 வாங்கிய குழந்தை வாசலிலேயே நின்றுவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2002-ல் பென்-கஷிர், சீட், ஹே ஆகிய மூவரும் லண்டன் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிவப்பு மதிப்பெண்ணால் வரும் வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்ததும், கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்ஸிமா இருக்கும் வாய்ப்பு வெள்ளைக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று தெரிந்தது. அதுவரை அளவுகோலுக்குள் மறைந்து கிடந்த நோய் அது.

இதற்கு ஒரு திருத்தம் உண்டு. கருமையான தோலில் சிவப்பைக் கணிப்பது கடினமாக இருந்தால் சிவப்பு மதிப்பெண்ணை ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம் என்று வழிகாட்டுகிறார்கள். எங்கள் பாஷையில் 'ஹார்ட்கோட்' செய்த பேட்ச். இல்லாததற்கு இது மேல், ஆனால் யாருடைய தோல் 'கருமை' என்று யார் முடிவு செய்வது? வெளிர் நிறத் தமிழ்க் குழந்தைக்கு ஏற்றுவதா வேண்டாமா? நாட்டிங்காமில் 2004-ல் உருவான 'போயம்' என்ற கேள்வித்தாள் இந்த வம்பிலேயே மாட்டவில்லை. போன வாரம் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, ரத்தம் வந்ததா, நீர் வடிந்ததா, வெடித்ததா, செதில் உதிர்ந்ததா, வறண்டிருந்ததா என்று ஏழு கேள்விகள். நிறத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பதில் சொல்வது நோயாளி, குழந்தை என்றால் அம்மா அப்பா. ஒவ்வொரு கிளினிக்கிலும் இதைத் தமிழில் ஒரு தாளில் அடித்து வைக்கலாம், செலவு ஒன்றும் இல்லை.

பட்டியல் கேட்காத கேள்வி

ஹனிஃபின்-ராய்கா பட்டியலில் எனக்குப் பெரிய குறை, அதில் இல்லாத ஒரு வரி: "வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?"

நம் ஊரில் அரிக்கும் குழந்தை என்றால் சந்தேகப்பட வேண்டிய இன்னொரு நோய் சிரங்கு, ஸ்கேபிஸ். தோலுக்குள் குடைந்து வாழும் சிற்றுண்ணியால் வருவது. ராத்திரியில் அரிப்பு கூடும். பெரியவர்களுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வரும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை என்று எங்கும் வரலாம். நாள்பட்டால் தோல் தடித்து எக்ஸிமா மாதிரியே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

1980-ன் பட்டியலில் சிரங்குக் குழந்தை சுலபமாகத் தேறிவிடும். அரிப்பு, ஆமாம். பல வாரமாக இருக்கிறது, ஆமாம். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, அதுவும் ஆமாம். 2003-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் திருத்தியபோது, முதலில் சிரங்கு போன்றவற்றை விலக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சேர்த்தார்கள். சிரங்குக்கென 2020-ல் வந்த சர்வதேச வரையறை, அரிப்பையும், அரிப்புள்ள இன்னொருவரோடு நெருங்கிய தொடர்பையும் வரலாற்றில் கேட்கச் சொல்கிறது.

இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிர் திசை. எக்ஸிமாவுக்குத் தினமும் ஈரப்பசை கிரீம், அழற்சிக்கு ஸ்டீராய்டு களிம்பு. சிரங்குக்குப் பெர்மெத்ரின் போன்ற மருந்து, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், பிறகு இன்னொரு முறை. சிரங்குக்கு ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு கொஞ்சம் அடங்கும், உண்ணி பெருகும். குழந்தைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பாட்டியிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு வருகிறது. வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றும் ஒரே ட்யூபில். எந்த நோய் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதற்காகவே செய்த மருந்து அது. படர்தாமரையின் உருவத்தையே மாற்றிவிடும், குழந்தையின் மெல்லிய தோலை இன்னும் மெலியவைக்கும். பூசுவதற்கான பல ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று இந்தியாவில் 2018-ல் விதி வந்தது. கடையில் நின்று பார்த்தால் விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

இதன் மறுபக்கமும் சொல்ல வேண்டும். டாக்டர் சரியாகக் கண்டுபிடித்து, சரியான வீரியத்தில் கொடுத்த ஸ்டீராய்டைப் பயந்து பட்டாணி அளவு தடவிவிட்டு 'கேக்கல' என்று நிறுத்துவதும் நடக்கிறது. 1991-ல் வந்த 'விரல்நுனி அளவு' இதற்கு எளிய விடை: பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களும் சேர்த்து) அளவு இடத்துக்குப் போதும். எத்தனை விரல்நுனி, எத்தனை நாள் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

படம் போதுமா?

இப்போது போனில் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலிகள் வருகின்றன. என் துறை ஆட்கள் செய்வது. 2022-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு 656 படங்களை, வெவ்வேறு தோல் நிறங்களைத் திட்டமிட்டுச் சேர்த்துத் தொகுத்து, அப்போதிருந்த நிரல்களைச் சோதித்தது. கருமையான தோலில் அவற்றின் திறன் குறைந்தது. அதே மாதிரியான படங்களைக் கொடுத்து மறுபடி பயிற்றுவித்ததும் இடைவெளி மூடியது. ஆக, குறை தரவில் இருந்தது, தரவைச் சரிசெய்ய முடியும். நம்பிக்கை தரும் செய்திதான்.

ஆனால் தரவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் படத்தில் அரிப்பு இல்லை. தூங்காத ராத்திரி இல்லை. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் அண்ணனும் சொறிவது இல்லை. 1980-ல் அந்த இருவரும் அரிப்பை முதல் வரியில் வைத்தது சரி. அதன் பிறகு வந்த அளவுகோல்களில் பல, நோயின் நிறத்தைப் பார்க்கப் போய்விட்டன. செயலி எழுதுகிறவர்கள் கேமராவைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விப் பெட்டி வையுங்கள்: எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது? வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது? குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர், டாக்டர் கேட்காவிட்டாலும் இந்த இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.