அடி, துடை, மின்னும்: உப்புக்காற்று ஊரில் கார் ஸ்ப்ரேக்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கார் கழுவி முடித்ததும் ஈரம் காயும் முன்பே மேலே அடித்துத் துடைக்கிற ஸ்ப்ரேக்கள் பற்றி இந்தக் குறிப்பு. ட்ரையிங் எய்ட், க்விக் டீடெய்லர், ஸ்ப்ரே வாக்ஸ் என்று பல பெயரில் விற்கிறார்கள். பாட்டில் வேறு வேறு, சொல்கிற செய்முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்: அடி, துடை, மின்னும். இந்த மூன்று சொல் செய்முறையைத்தான் விமர்சனத்துக்கு எடுத்திருக்கிறேன். பொருளே மோசம் என்று சொல்ல வரவில்லை. நானும் இரண்டு வருஷமாக அடிக்கிறவன்தான்.

நான் இருப்பது தூத்துக்குடி திரேஸ்புரத்தில். பக்கிள் ஓடை கடலில் சேர்கிற பக்கம். பழைய கார், கறுப்பு நிறம். வாராவாரம் கழுவி, ஸ்ப்ரே அடித்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, எதிர்வீட்டுச் சுவர் பானெட்டில் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தேன். போன ஆடியில் பக்கத்துத் தெரு வாடகைக் கார் டிரைவர் ஒருவர் நின்று பார்த்தார். குனிந்து, முன்கதவின் அடி விளிம்பில் விரலை விட்டு இழுத்தார். விரலில் துருத்தூள்.

"அண்ணாச்சி, மேல கண்ணாடி மாதிரி வச்சிருக்கீய. கீழ ஒருநாளாவது கைய விட்டுப் பாத்தீயளா?"

பார்த்ததில்லை. நாலு கதவில் இரண்டின் அடியில் பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. வெல்டிங், பட்டி, பெயின்ட் என்று ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது. அதற்குப் பிறகுதான் இந்த பாட்டில்கள் என்ன செய்கின்றன, என்ன செய்வதில்லை என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

பாட்டிலுக்குள் என்ன?

பெரும்பங்கு தண்ணீர். அதில் கொஞ்சம் சோப்பு வகைப் பொருள், வழுவழுப்புக்குப் பாலிமர், மினுமினுப்புக்கும் தண்ணீரைத் தள்ளுவதற்கும் சிலிக்கோன் அல்லது மெழுகுக் குழம்பு. சிலவற்றில் சீக்கிரம் ஆவியாக ஆல்கஹால். இப்போது வருகிறவற்றில் சிலிக்கா சேர்த்து 'செராமிக்' என்று எழுதியிருப்பார்கள்.

இதன் உண்மையான வேலை உராய்வைக் குறைப்பது. காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு மேல்பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்டமாகத் தெரிகிற கீறல்கள் எல்லாம் இந்தப் பூச்சில் விழுபவை, பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவை. ஈரப் பரப்புக்கும் துணிக்கும் நடுவில் வழுக்கும் படலம் ஒன்று இருந்தால் துணி இழுபடாது, கீறலும் குறையும். இதை ஸ்ப்ரே ஒழுங்காகச் செய்கிறது. வெறுந்துணியால் கரகரவென்று தேய்ப்பதைவிட நிச்சயமாக மேல்.

ஆனால் அந்தச் செய்முறை மூன்று விஷயங்களை நம்பி எழுதப்பட்டது. கார் ஏற்கெனவே சுத்தம், தண்ணீர் மென்னீர், காற்றில் உப்பு இல்லை. எங்கள் ஊரில் மூன்றுமே கிடையாது.

முதலாவது, அழுக்கு

தூத்துக்குடியில் பானெட் மேல் படிவது வெறும் தூசி இல்லை. சுற்றிலும் உப்பளம், நிலக்கரி இறங்குகிற துறைமுகம், 1050 மெகாவாட் திறனில் கட்டிய அனல்மின் நிலையம், கடற்கரை மணல். உப்பைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம், கீறும் விஷயத்தில் மட்டும். கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் உப்பு 2.5-ஐத் தாண்டாது, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அது எந்தத் தண்ணீரிலும் கரையாது. நிலக்கரிச் சாம்பலும் கண்ணாடி போன்ற கடினமான துகள்தான்.

ஸ்ப்ரே இந்த மணலைக் கரைக்காது, வழுக்க மட்டும் வைக்கும். நன்றாக அலசிய பரப்பில் தப்பிய ஒன்றிரண்டு துகளுக்கு அது போதும். ஆனால் "கழுவ நேரமில்லையா, தூசி மேலேயே அடித்துத் துடைக்கலாம்" என்று அதே பாட்டிலுக்கு இன்னொரு வேலையும் சொல்கிறார்களே, அதுதான் இந்த ஊரில் செய்யவே கூடாத வேலை. அடித்துத் துடைத்தால் பளபளக்கும். சிலிக்கோன் கீறலை நிரப்பி மறைக்கும். இரண்டு வாரம் கழித்து அது கழன்றதும் கீறல் வெளியே வரும். அப்போது மறுபடி அடிப்போம்.

இரண்டாவது, தண்ணீர்

குழாயில் வருவது தாமிரபரணி, வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர். அதைக் காருக்கு ஊற்ற எந்த வீட்டிலும் மனசு வராது, வரவும் கூடாது. ஆகவே கார் கழுவுவது போர் தண்ணியில். அது எவ்வளவு கடினம் என்று ஒவ்வொரு தெருவிலும் மாறும். ஒரு கணக்குக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் வரம்பை எடுத்துக்கொள்வோம்: கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. அந்த மேல் வரம்பையே போர் தண்ணிக்கு வைத்துக்கொள்வோம். அலசி முடித்த காரில் அரை லிட்டர் தண்ணீர் ஒட்டியிருந்தால், அது அப்படியே காயும்போது மேலே மிஞ்சுவது ஒரு கிராம் உப்பும் சுண்ணாம்பும்.

ஸ்ப்ரே இந்த ஒரு கிராமைக் குறைப்பதில்லை. துணி தண்ணீரை உறிஞ்சும்போது, அதில் கரைந்திருப்பதும் துணியோடு போகிறது. காப்பாற்றுவது துணி, அது காய்வதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஆடிக்காற்றில் கூரையைத் துடைத்துவிட்டு பானெட்டுக்கு வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும்.

இன்னொன்று, விளம்பரப் படம். எல்லா பாட்டிலிலும் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிற படம் இருக்கும். எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும். தண்ணீரைத் தள்ளும் பூச்சின் மேல் போர் தண்ணி குண்டுத் துளிகளாக நிற்கும். துடைக்காமல் விட்டால் ஒவ்வொரு துளியும் சுருங்கிச் சுருங்கி, தன்னிடமுள்ள சுண்ணாம்பை எல்லாம் ஒரே இடத்தில், வட்டமாக இறக்கிவிட்டுப் போகும். துளி லென்ஸாகி வெயிலைக் குவித்து பெயின்டை எரிக்கிறது என்பார்கள். கறையை விளக்க அந்தக் கதை தேவையில்லை, இந்தச் சுண்ணாம்பே போதும். முத்துக்குளித்த கரையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும்: முத்தும் கால்சியம் கார்பனேட், பானெட் மேல் இருக்கும் வெள்ளை வட்டத்தில் பெரும்பாலானதும் கால்சியம் கார்பனேட். அதனால்தான் புதுக் கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் வேலை செய்கிறது. ஆறிய தகட்டில், ஒரு மூலையில் சோதித்து, ஒரு நிமிஷத்தில் அலசிவிட வேண்டும்.

மூன்றாவது, உப்புக்காற்று

எனக்குப் பணம் செலவு வைத்தது இதுதான். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரில் உப்பு தங்கிய இடம், நாம் காய்ந்துவிட்டது என்று நினைக்கும்போதும் ராத்திரியெல்லாம் ஈரமாகத்தான் இருக்கும்.

அது எங்கே தங்குகிறது? பானெட்டில் இல்லை. பானெட்டுக்கு மேல்பூச்சு இருக்கிறது, நாமும் துடைக்கிறோம். கதவின் அடி மடிப்பு, தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டை, டிக்கி ரப்பருக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்விளிம்பு. தகடு மடியும், பூச்சு மெலியும் இடங்கள். ஸ்ப்ரே அங்கே போவதே இல்லை. என் ஒழுங்கான வாராந்திரக் கழுவல் உப்புத்தண்ணியை அங்கே அனுப்பிவிட்டு, மேலே மட்டும் துடைத்து வந்திருக்கிறது. பளபளப்பைப் பார்த்து வேலை முடிந்ததென்று நினைத்ததால் கீழே குனியவே இல்லை. இந்தச் செய்முறையின் மேல் என் முக்கியமான குறை இதுதான். அது பொய் சொல்வதில்லை. ஆனால் எங்கே நிறுத்தக் கூடாதோ அங்கே நம்மை நிறுத்தச் சொல்கிறது.

கடல் உலோகத்தை என்ன செய்யும் என்று ஆராய்வதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது சிக்ரி, தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் ஒரு மையம் வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஃபைபர் படகில் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவரைக் கேட்டால் போதும். கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணி ஓட்டுவார். மூடியைப் பளபளப்பாக்குவது அப்புறம்தான், பல பேர் அதைச் செய்வதே இல்லை. கார் வைத்திருக்கும் நாங்கள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்.

இப்போது நான் செய்வது

நல்ல தண்ணி எங்கே என்றுதான் முதலில் மாட்டினேன். கேன் தண்ணியை ஊற்ற மனசில்லை. ஆர்ஓ கழிவு நீரில் காரைக் கழுவலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சக்கரத்துக்கும் முதல் அலசலுக்கும் சரி, கடைசி அலசலுக்குக் கூடவே கூடாது. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. விடை ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது: ஏசி தண்ணி. காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்த தண்ணீர், சுண்ணாம்பு ஏறக்குறைய கிடையாது. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு ராத்திரியில் வாளி சுலபமாக நிறைகிறது. துணியில் வடிகட்டி வைத்துக்கொள்கிறேன்.

காலையில், காற்று எழும்பும் முன், நிழலில், பானெட் சூடில்லாதபோது ஆரம்பிக்கிறேன். முதலில் சக்கர வளைவுகளுக்குள்ளும் கதவு அடியிலும் தண்ணீர் அடித்து மணலையும் உப்பையும் இறக்குவது. பிறகு மேலிருந்து கீழாக ஷாம்பு, அலசல். கடைசியாக ஐந்து லிட்டர் ஏசி தண்ணி, பூவாளியில், கூரையிலிருந்து மெதுவாக. வேகமாக அடித்தால் துளியாகத் தெறிக்கும். மெதுவாக விட்டால் தகடாக வழிந்து, மேலே நிற்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

அப்புறம்தான் ஸ்ப்ரே. ஒரு கதவுக்கு இரண்டு அடி போதும், ஈரத்தின் மேல். காற்று இருந்தால் துணியில் அடித்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பாதி என் மூக்குக்குள் போகிறது. துணியை விரித்துப் போட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் இழுப்பது. தரையில் விழுந்த துணி அன்றைக்கு அவ்வளவுதான். முன்கண்ணாடியில் அடிப்பதில்லை; வைப்பர் திக்கித் திக்கி ஓடும், ராத்திரி எதிர்வண்டி வெளிச்சம் படர்ந்து தெரியும். பிரேக் டிஸ்க், டயரின் ஓடுபரப்பு, இந்த இரண்டின் பக்கமும் கொண்டுபோகவே கூடாது. அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

பிறகு கதவு, டிக்கி, பானெட் மூன்றையும் திறந்து, வேறொரு பழைய துணியால் மடிப்புகளைத் துடைத்து, வடிகால் ஓட்டைகளை ஒரு ஈர்க்குச்சியால் பார்க்கிறேன். கடைசியாக, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டுத்தான் நிறுத்துவது. டிஸ்க் ஈரம் காய்ந்துவிடும்.

மொத்தம் பத்து நிமிஷம் கூடுதல். ஸ்ப்ரே பாட்டில் முன்னைவிட மூன்று மடங்கு நாள் வருகிறது. அந்த டிரைவர் போன வாரம் மறுபடி வந்தார். பானெட்டைப் பார்க்கவே இல்லை, நேராகக் குனிந்து கதவு அடியில் விரலை விட்டார். வெறும் ஈரம்தான் வந்தது.

"இங்கன இன்னும் ஈரமிருக்கு அண்ணாச்சி" என்றார். துணியை எடுத்து மறுபடி துடைத்தேன்.