கடனும் பொறையும்

தமிழ்க் கிறித்தவர் நாள்தோறும் ஓதும் ஆண்டவர் கற்பித்த செபம், பாவமன்னிப்பு வேண்டும் இடத்தில் இரு வழியாகப் பிரிகின்றது. சீர்திருத்தத் திருச்சபையார் பழைய மொழிபெயர்ப்பின்படிக் ‘கடன்’ என்றும் ‘மன்னித்தல்’ என்றும் கூறுவர். கத்தோலிக்கரோ ‘குற்றம்’ என்றும் ‘பொறுத்தல்’ என்றும் கூறுவர். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இவ்விரு சாராரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்ததுண்டு. சொல் வேறாயினும் பொருள் ஒன்றே என்று நாம் கடந்துவிடுகிறோம். அஃது அத்துணை எளிதன்று.

‘கடன்’ மூலத்தை ஒட்டிய சொல். மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்று பொருள்படும் சொல்லே. லூக்கா நம் பிழைகளைப் பாவம் என்று மாற்றினார். ஆயினும் பிறரை நமக்குக் கடன்பட்டவராகவே வைத்தார். தோட்டத்து மக்களுக்கு இச்சொல்லுக்கு உரை எழுத வேண்டியதில்லை. கங்காணியிடம் பெற்ற முன்பணத்தோடு கடல் கடந்தவர் வழிவந்தவரல்லரோ நாம்! இலங்கைத் தோட்டங்களிலோ தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, அவன் தோட்டம் மாறினும் கடன் உடன் தொடருமாறு செய்தனர். ‘துண்டு’ எனப்பட்ட அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. துண்டோடு வாழ்ந்தவனுக்குப் பாவத்தின் தன்மையை விளக்கப் போதகர் பெரிதும் வருந்தியிருக்க மாட்டார்.

மத்தேயு 18ஆம் அதிகார உவமையும் கடன் கதையே. 10,000 தாலந்து தள்ளுபடி பெற்றவன் 100 வெள்ளிக்காசுக்காக உடன்வேலையாளின் கழுத்தை நெரிக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிக்காசு. கணக்கை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

‘பொறுத்தல்’ வேறோர் ஆழம் உடையது. பொறை என்றால் பொறுமை. பொறை என்றால் சுமையுமாம். பொறையுடைமைக்கு வள்ளுவர் நிலத்தை உவமை காட்டியதும் இதனாலன்றோ? எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தை இங்கு நினைக்கலாம். அதன் முதல்நூல், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதை. அதில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று உருண்டு மறைகிறது. கழன்ற சுமையை யார் எடுத்தார் என்று ஆங்கிலக் கதையை வாசிப்பவன் கேட்கக்கூடும். தமிழனுக்கு அக்கேள்வி எழாது. பொறுத்தவர் சிலுவையிலேயே இருக்கிறார் என்பதைச் சொல்லே உணர்த்திவிடுகிறது.

1995இல் இரு சபையாரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் என் செய்தது? ஒருவரிடமிருந்து ‘குற்றம்’, மற்றவரிடமிருந்து ‘மன்னித்தல்’ என எடுத்துக்கொண்டது. ஒற்றுமை நோக்கு போற்றத்தக்கதே. ஆயினும் கடனும் போயிற்று, பொறையும் போயிற்று. கடனைத் தள்ளுபவன் இழக்கிறான். பிழையைப் பொறுப்பவன் சுமக்கிறான். மன்னிப்பவன் என்ன கொடுக்கிறான் என்பதை எஞ்சிய சொற்கள் காட்டவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி எனக் கருதற்க. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி முறையிடும் பெண்ணிடம் “பொறுத்துப் போம்மா” என்று ஊர்ப் பெரியவர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். சுமையைத் தூக்கப்போவது கூறுபவரல்லர். பிறர்க்கு வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்ய அவருக்கு உரிமை ஏது? சகேயுவின் வீட்டுக்கு இயேசு அழையாமலே சென்றார், உண்மை. ஆனால் அவ்வரிவசூல் தலைவன் ஏய்த்ததை நான்மடங்காகத் திருப்புவதாக எழுந்து நின்று கூறினான்.

பிறரைச் சொல்வானேன்? ஆண்டுகள் சில முன், உடன்மாணவனின் காசை எடுத்த சிறுவன் ஒருவன் என் மேசைமுன் அழுதான். “சரி, மன்னித்தேன், போ” என்றேன்; பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எண்ணமும் கொண்டேன். கதவோரம் நின்றிருந்த மற்றவன் கேட்டான்: “ஐயா, என் காசு?”