கும்மிடிப்பூண்டி உலைக்கு ஏன் ராத்திரி ஷிப்ட்?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 செப்டம்பர் கட்டண ஆணையைப் பற்றிப் பேசினவங்க பெரும்பாலும் யூனிட்டுக்கு எவ்வளவு ஏறிச்சு, டிமாண்ட் சார்ஜ் எவ்வளவு ஏறிச்சுன்னுதான் பார்த்தாங்க. எனக்கு உறுத்துவது அதிலுள்ள நேரப் பட்டியல்.

அந்த 2022 ஆணையில் உயர் அழுத்த ஆலைகளுக்கு யூனிட் ரூ. 6.75 என்று இருந்தது. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை 25% கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5% தள்ளுபடி. நடுப்பகலுக்கு? ஒன்றுமில்லை. விடியாத 6 மணிக்கும் வெயில் ஏறிய 9.30க்கும் ஒரே விலை வேறு!

இதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பழைய இரும்பை உருக்கும் ஒரு இண்டக்‌ஷன் உலையில் வைத்துப் பாருங்கள். டன்னுக்குச் சுமார் 600 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பீக் நேரத்தில் உருக்கினால் டன்னுக்கு ஏறக்குறைய 1,010 ரூபாய் கூடுதல். இரவில் உருக்கினால் 200 ரூபாய் மிச்சம். முதலாளி ராத்திரி ஷிப்ட்தான் போடுவார். வடமாநிலத் தொழிலாளி தூக்கத்தை விட்டு உலை முன்னால் நிற்பார். அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரியும். காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை இரவுச் சலுகைக்கு ஒரு நியாயம் உண்டு. மற்ற மாதங்களுக்கு என்ன நியாயம்?

மத்திய அரசின் 2023 ஜூன் விதித் திருத்தம், சூரிய நேரக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20% குறைவாக இருக்கணும்னு சொல்கிறது. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆலைகளுக்கு 2024 ஏப்ரல் 1 தான் கெடு. மேலே சொன்ன விலையில் அது டன்னுக்கு 810 ரூபாய். எரிசக்தித் தணிக்கை செய்து, உலையின் மூடி, லைனிங் எல்லாம் சரிபண்ணி 5% சிக்கனம் பிடித்தாலும் கிடைப்பது 200 ரூபாய்தான். தணிக்கை வேண்டாம்னு சொல்லவில்லை. கட்டணம் ஒரு பக்கம் இழுக்க, சிக்கனப் பிரசாரம் இன்னொரு பக்கம் இழுத்தால் எது ஜெயிக்கும்?

பகலில் தள்ளுபடி கொடுத்தால் கடனில் இருக்கும் மின்வாரியத்துக்கு வருமானம் போகும் என்பது நியாயமான பயம்தான். ஆனால் மின்சந்தையில் நடுப்பகல் விலை இரவு விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. உலை பகலுக்கு நகர்ந்தால் வாரியத்தின் கொள்முதல் செலவும் குறையும். இழப்பைக் கணக்கிடும்போது இதையும் கழிக்க வேண்டாமா?

ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்ற சாக்கும் இங்கே செல்லாது. உயர் அழுத்த இணைப்புகளில் நேரம் பிரித்து அளக்கும் மீட்டர் ஏற்கெனவே இருக்கு. பீக் கட்டணம் வசூலிப்பதே அதை வச்சுத்தானே.