ஔவையாரைக் காணவில்லை

கம்ப்யூட்டரில் ஔவையாரைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? பழைய ஃபைலிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய புத்தகம் என்றால் பாட்டி லேசில் அகப்பட மாட்டார். கண்ணெதிரே பக்கத்தில் இருப்பார். தேடினால் 'இல்லை' என்று பதில் வரும். காரணம், அங்கே இருப்பது 'ஔ' அல்ல. ஒரு 'ஒ' போட்டு, பக்கத்தில் ஒரு 'ள' ஒட்டவைத்த போலி. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள்.

இத்தனைக்கும் நம் அரசு அலுவலகங்களில் புழங்கிய எழுத்துருக்களில் ஒன்றின் பெயரே 'வானவில் ஔவையார்'!

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது நம்பர் மட்டும். எந்த நம்பருக்கு எந்த எழுத்து என்பது நாம் பேசிவைத்துக்கொள்வது. தமிழில் ஆளுக்கொரு பேச்சு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா இல்லை, ஆங்கிலக் குப்பைதான். இதைச் சரிசெய்ய 1999-ல் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று தரங்கள் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்கள் நிறையப் பேர் திஸ்கியில் எழுதினார்கள். கடைசியில், 2010 ஜூன் 23, நம்ம கோயமுத்தூரில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாள், அதே தேதியிட்ட அரசாணை யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு ஒத்துவராத இடத்துக்கு டேஸ்-16 என்று ஒரு மாற்றும் சொன்னது.

நல்ல காரியம். ஆனால் தரத்தை அறிவிப்பது ஒரு நாள் வேலை. ஏற்கெனவே அடித்துவைத்த மலையை மாற்றுவது வருஷக்கணக்கான வேலை. அதை நாம் ஒரு பொத்தானிடம் விட்டுவிட்டோம் என்பதுதான் என் புகார்.

பொத்தான் என்ன செய்கிறது? பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ர், ரி இரண்டுக்கும் துணைக்காலின் தலையிலேயே புள்ளியோ மேல்விலங்கோ வைத்துவிடுவார்கள். காகிதத்தில் அழகாகவே இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும்போது சாயம் வெளுக்கும். 'அவர்' 'அவா்' ஆகிவிடும். 'தெரியும்' என்பதில் கொம்பு, த, கால் மூன்றையும் சேர்த்து 'தொ' என்று படித்துவிட்டு, மிச்சத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு 'தொியும்' என்று தரும். அரசு அறிவிப்பு, பத்திரிகைச் செய்தி, எங்கும் இந்தத் 'தொிவித்தாா்'களைப் பார்க்கலாம்.

மாற்றிகளை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுரதா யாழ்வாணன் போன்றவர்கள் இலவசமாகச் செய்துகொடுத்த உபகாரம் அது. ர், ரி சிக்கலைப் புரிந்துகொள்ளும் மாற்றிகளும் உண்டு. பொத்தானை அமுக்கி, சேவ் பண்ணி, டீ குடிக்கப் போய்விட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

'ஏனுங்க, படிக்க முடியுதில்ல, அப்புறம் என்ன?' என்று கேட்பீர்கள். மதுக்கரையில் மகேஸ்வரி என்று ஒரு அம்மா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஆபீஸ் பட்டியலில் அவர் மகேஸ்வரி. இன்னொன்றில், பழைய ஃபைலிலிருந்து மாற்றியதில், மகேஸ்வாி. இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டால், 'இப்படி ஒரு ஆள் இல்லை'. அந்தம்மா கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருப்பார். பெயரை எழுத்துக்கூட்டிக் காட்டினாலும் புண்ணியமில்லை. திரையில் சரியாகத்தானே தெரிகிறது!

பி.காமில் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் ஞாபகம் வருகிறது: டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கில் தப்பே இல்லை என்று நினைக்காதே. அதைப் பார்க்கத்தான் ஆடிட்டர். எழுத்துக்கு ஆடிட்டர் யார்?

பாதி வேலை சுலபம். தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ மேல்விலங்கோ வரவே வராது. வந்தால் தப்பு. எந்தக் கம்ப்யூட்டரும் நிமிஷத்தில் பொறுக்கிக் கொடுக்கும். மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். ஔவையைக் காப்பாற்றுகிறேன் என்று 'ஒள' வருகிற இடமெல்லாம் 'ஔ' போட்டால் 'ஒளி' அணைந்துவிடும். 'மௌன'த்துக்கும் 'பௌர்ணமி'க்கும் செய்த வைத்தியத்தை 'தெளிவு'க்கும் செய்தால், அதில் தெளிவு இருக்காது. எது எது என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பதிப்பகமோ, பத்திரிகையோ, அரசு அலுவலகமோ, மாற்றிய ஃபைலுக்கு ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். மூல ஃபைல் எந்த எழுத்துருவில் இருந்தது என்பதையும் ஒரு வரி குறித்துவைக்கட்டும். நாளைக்குத் திரும்ப மாற்ற வேண்டி வந்தால் அந்த ஒரு வரி இல்லாமல் எதுவும் நடக்காது.

அதுவரை மகேஸ்வரி அம்மா இரண்டு ஆபீஸுக்கும் நடந்துகொண்டிருப்பார்.